புதுப்பிப்பு: ஏரியில் மீன்குஞ்சு விட்டது யார்?

கிருஷ்ணகிரி பக்கம் எங்கள் ஊர் ஏரியில் மீன்குஞ்சு விட்டதாகக் கணக்கு இருக்கிறது, விட்டதைப் பார்த்தவர்தான் யாருமில்லை என்று போன மாதம் எழுதியிருந்தேன். ஒவ்வொரு அலுவலகமும் அடுத்ததைக் கைகாட்டியது.

சரி என்று 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமை மனு போட்டேன். ‘எங்களுக்குச் சம்பந்தமில்லை’ என்று திருப்பிவிட்டார்கள். அங்கேதான் பிடி கிடைத்தது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6(3) பிரிவுப்படி, மனு வேறு அலுவலகத்துக்கு உரியது என்றால் 5 நாளுக்குள் அவர்களே அங்கே அனுப்ப வேண்டும். நம்மை அலையவிடக் கூடாது. அதைச் சொல்லி மேலதிகாரிக்கு முதல் மேல்முறையீடு எழுதினேன்.

அப்புறம் பாருங்கள், மீன்வள ஆய்வாளரே போன் செய்தார்! பதிவேட்டு நகல் தருகிறாராம். திங்கட்கிழமை போகிறேன். கட்லா எத்தனை, ரோகு எத்தனை, கீழே யார் கையெழுத்து என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.