‘டீன் சாய்ஸ்’ நடிகை விருது: தேர்வா, தெரிவா?

மொழிபெயர்ப்பாளர், மதுரை:
அன்புடையீர், மாணவர் இதழொன்றுக்காக அமெரிக்கத் தொலைக்காட்சி விருதுகள் குறித்த கட்டுரையை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 1999 முதல் 2019 வரை ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான டீன் சாய்ஸ் விருதுகளில், மிகுபுனைவு, அறிவியல் புனைவுத் தொடர்களின் நடிகைக்கெனத் தனிப்பிரிவு இருந்தது. ‘தி வாம்பயர் டயரீஸ்’ தொடரில் எலேனா, கேத்தரின் என இரட்டை வேடமேற்ற நீனா டோப்ரெவ் அதைப் பலமுறை வென்றார். பரிசுப்பொருள் ஓர் அலைச்சறுக்குப் பலகை. அதற்குத் தமிழ் உடனே கிடைத்தது. ‘சாய்ஸ்’ என்ற சொல்லில்தான் மூன்று நாளாக நிற்கிறேன். ‘தேர்வு விருது’ என்றால், பொதுத்தேர்வில் முதலிடம் பெற்றவருக்கான பரிசு என்றே பிள்ளைகள் கொள்வார்கள்.

ஆசிரியை, யாழ்ப்பாணம்:
ஐயா, எங்களிடம் இந்தச் சிக்கலே இல்லை. சோதனையைப் பரீட்சை என்போம். நாடாளுமன்றத்துக்குப் போகிறவரைத் தெரிவு செய்யப்பட்டவர் என்போம். ‘இளையோர் தெரிவு விருது’ என்று எழுதுங்கள்.

மென்பொருள் பொறியாளர், கோவை:
‘தெரிவு’ என்று எழுதினால், தெளிவு என்பதன் அச்சுப்பிழையோ என்று இங்குள்ளவர்கள் தயங்குவார்கள். பதின்மூன்று முதல் பத்தொன்பது வயது வரையுள்ளவர்கள் வாக்களித்த விருது இது. ‘ரசிகர் வாக்கு விருது’ என்றால் பெட்டிக்கடைக்காரருக்கும் விளங்கும். ரசிகர் வடசொல்லாயிற்றே என்று யாரேனும் ‘சுவைஞர்’ என்று திருத்துவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: ரசிகர் மன்றத்தைச் சுவைஞர் மன்றம் என்று எவரும் அழைப்பதில்லை.

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், தஞ்சாவூர்:
தெரிதல் என்பதற்குப் புலப்படுதல், ஆராய்தல், தேர்ந்துகொள்ளுதல் ஆகிய மூன்று பொருளும் உண்டு. குறளின் 51ஆம் அதிகாரம் தெரிந்துதெளிதல் என்பதைத் தம்பி மறக்கலாகாது. மகளிர் பருவம் ஏழனுள் ஒன்று தெரிவை என்பதால், இவ்விருது பெறும் பெண்ணைத் தெரிவை என்றே அழைக்கலாம் என்பது என் நெடுநாளைய எண்ணம். நடிகை என்பதையும் விட்டுவிடலாம். தொல்காப்பியப் புறத்திணையியல் கூத்தர், பாணர், பொருநர் ஆகியோரோடு விறலியையும் வைக்கிறது. உள்ளத்து உணர்வு மெய்யில் புலப்பட ஆடுபவள் விறலி. ஒரே முகத்தில் இரண்டு பெண்களைக் காட்டும் நடிகைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது?

ஆசிரியை, யாழ்ப்பாணம்:
பேராசிரியர் ஐயா, தாசியிடம் மயங்கிப் பொருளிழந்தவன் தன் மனைவியிடம் விறலியைத் தூதனுப்பும் விறலிவிடுதூது நூல்களுக்குப் பிறகு அச்சொல்லின் மேல் வேறொரு நிழல் விழுந்துவிட்டது. அதை வகுப்பில் விளக்கிய பிறகே விருதைச் சொல்லத் தொடங்க முடியும். தெரிவை என்பதும் இருபத்தைந்து வயதைக் கடந்த பெண்ணையே குறிக்கும். 2010இல் இவ்விருதை வென்றபோது டோப்ரெவுக்கு வயது இருபத்தொன்றுதான்.

மொழிபெயர்ப்பாளர், மதுரை:
தேடியபோது ஒன்று கண்ணில் பட்டது. மிகுதியான வாக்குப் பெற்ற நால்வரிலிருந்து வெற்றியாளரைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமையை அமைப்பாளர்கள் விதிகளில் எழுதி வைத்திருந்தது 2014இல் பெரும் பேச்சானது. எனவே ‘வாக்கு விருது’ என்று எழுதினால் தவறான செய்தியைத் தந்தவனாவேன். வாக்கும் அமைப்பாளர் விருப்பமும் சேர்ந்த ஒன்றுக்குத் தெரிவு என்பதே பொருந்துகிறது. ‘இளையோர் தெரிவு விருது: மிகுபுனைவு, அறிவியல் புனைவுத் தொலைக்காட்சி நடிகை’ என்று அனுப்புகிறேன், கட்டுரையில் அது முதன்முதலாக வரும் இடத்தில் டீன் சாய்ஸ் என்பதையும் சேர்த்திருக்கிறேன்.

மென்பொருள் பொறியாளர், கோவை:
விதி அப்படியென்றால் வாக்கை விட்டுவிடுகிறேன். தெரிவு இன்னும் என் காதில் ஒட்டவில்லை, இருந்தாலும் ஏற்கிறேன்.

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், தஞ்சாவூர்:
தெரிவு வரட்டும். நடிகைக்கு நான் இசையவில்லை. தூதுநூல்கள் தந்த நிழலுக்காகச் சங்கச் சொல்லைக் கைவிடுவது முறையன்று. விறலி என்ற சொல்லின் வரலாற்றைத் தனிமடலாக ஞாயிறன்று எழுதுகிறேன்.