லேடெக்கில் படத்தைச் சுற்றி எழுத்து ஓடும்போது வெற்றிடமும் மோதலும் வருகின்றன: உதவி தேவை

கேள்வி (திருகோணமலை)

வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்துக்காகத் திருகோணமலையின் பழைய இடங்களைப் பற்றிய 64 பக்கக் கையேடு ஒன்றை கட்டளைகளை எழுதிப் பக்கம் அமைக்கும் மென்பொருளான லேடெக்கில் அமைத்துக்கொண்டிருக்கிறேன். தாள் ஏ5 அளவு. இரு பக்கமும் 17 மில்லிமீட்டர் ஓரம் விட்ட பிறகு எழுத்துக்குக் கிடைக்கும் அகலம் 114 மில்லிமீட்டர். லேடெக்கின் யூனிக்கோடு வடிவமான ஸீலேடெக்கும் நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவும் பயன்படுத்துகிறேன். எழுத்தளவு 11 புள்ளி. சிறிய படங்களைப் பந்தியின் ஓரத்தில் நிறுத்தி எழுத்தை அவற்றைச் சுற்றி ஓடவிடுவதற்காக ராப்ஃபிக் என்ற துணைப் பொதியைச் சேர்த்தேன். பெரும்பாலான பக்கங்கள் நன்றாக வந்துள்ளன. நான்கு இடங்களில் மட்டும் மூன்று நாட்களாகத் திண்டாடுகிறேன்.

முதலாவது, சுவாமி மலையில் உள்ள பாறைப் பிளவான இராவணன் வெட்டின் படம். அகலம் 55 மில்லிமீட்டர், உயரம் 80 மில்லிமீட்டர். எழுத்து படத்தைச் சுற்றி ஒழுங்காகத்தான் இறங்குகிறது. ஆனால் படமும் அதன் விளக்கமும் முடிந்த பிறகும் மூன்று வரிகள் குறுகியபடியே ஓடுகின்றன. விளக்கத்தின் கீழே வெள்ளையாக ஒரு சதுரம் தெரிகிறது. படத்தின் தலையும் பந்தியின் முதல் வரியும் ஒரே மட்டத்தில் நிற்கவும் இல்லை.

இரண்டாவது, புறாத்தீவின் படம் பக்கத்தின் அடியில் வந்து, பாதி தாளுக்கு வெளியே போய்விட்டது. மூன்றாவது, கன்னியா வெந்நீரூற்றுக் கிணறுகள் ஏழையும் எண்ணிட்ட பட்டியலாகக் கொடுத்திருக்கிறேன். பட்டியலுக்குள் படத்தை வைத்தால் எழுத்தின் மேலேயே படம் ஏறுகிறது, முரணான சூழலுக்குள் (தொடக்க, முடிவுக் கட்டளைகளுக்கு இடைப்பட்ட பகுதிக்குள்) பயன்படுத்தியிருக்கிறீர்கள் என்ற எச்சரிக்கையும் பதிவுக் கோப்பில் வருகிறது. நான்காவது, கோட்டை வாயிலில் உள்ள இரட்டைக் கயற் சின்னத்தின் படம். அதன் அருகே ஓடும் வரிகளில் சொற்களுக்கு நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுகிறது.

இவை நான்கும் ஒரே காரணத்தால் வருகின்றனவா, தனித்தனியா என்பதுகூட எனக்கு விளங்கவில்லை.

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், உப்புவெளி)

பிள்ளை, முதல் மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். அதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தானாக அவிழும்.

படம் பக்கத்தில் எந்த இடத்தில் நிற்கிறது என்பது ராப்ஃபிக்குக்குத் தெரியாது. அது செய்வதெல்லாம் ஒரு வகுத்தல் கணக்கு: படத்தின் உயரத்தையும் விளக்கத்தின் உயரத்தையும் இடைவெளியையும் கூட்டி, பேஸ்லைன்ஸ்கிப் என்ற வரியிடைத் தூரத்தால் வகுத்து, இத்தனை வரிகள் குறுகட்டும் என்று பார்ஷேப் கட்டளை மூலம், லேடெக்கின் அடியில் இயங்கும் டெக்கிடம் சொல்லிவிடுகிறது. டெக் ஒரு பந்தியை முழுதாக எடுத்து வரிகளாக உடைத்த பின்னரே அந்த வரிகளைப் பக்கங்களில் அடுக்குகிறது. ஆகவே உடைக்கும் நேரத்தில் எந்த வரி எந்த உயரத்தில் விழும் என்பது அதற்குத் தெரியாது. வரிகளை எண்ண மட்டுமே முடியும். எண்ணிக்கை சரியாக இருந்தும் வரிகளின் உண்மையான உயரம் கணக்கிலிருந்து விலகினால், உங்களுக்கு வந்த வெள்ளைச் சதுரம் வரும்.

விலகுவதற்கு உங்கள் கோப்பில் இரண்டு இடங்கள் இருக்கக்கூடும். பந்திகளுக்கு இடையே பார்ஸ்கிப் கொடுத்து வெளி விட்டிருக்கிறீர்களா? அந்த வெளியை ராப்ஃபிக் எண்ணுவதில்லை. வரியிடைத் தூரத்தை மாற்றாமல் விட்டிருக்கிறீர்களா? லேடெக்கின் 11 புள்ளி அமைப்பில் அது 13.6 புள்ளி, ஆங்கில எழுத்தை மனதில் வைத்து வகுத்த அளவு. நமக்கோ மேலே பிள்ளையார் சுழி போல் இகர ஈகாரச் சுழிகள், கீழே உகர ஊகார வால்கள். மேல் வரியின் வாலும் கீழ் வரியின் சுழியும் ஒன்றையொன்று நெருங்கும் இடங்களில் 13.6 புள்ளி போதாது என்று டெக் அந்த வரியைச் சற்றுத் தள்ளி வைக்கும். ஒவ்வொரு வரியும் ஒரு புள்ளி தள்ளினாலே 20 வரிகளில் 20 புள்ளி ஆகிவிடுகிறது.

இந்த இரண்டுக்கும் பதில் தாருங்கள். படத்தை நடுப்படுத்த எதைப் பயன்படுத்தினீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

கேட்டவர்

நன்றி ஐயா. பார்ஸ்கிப் 6 புள்ளி கொடுத்திருக்கிறேன். பந்தியின் முதல் வரி உள்தள்ளல் இல்லை. வரியிடைத் தூரத்தைத் தொடவே இல்லை. நடுப்படுத்த சென்டர் சூழலைத்தான் பயன்படுத்தினேன்.

மறுமொழி 2 (பெயர் குறிப்பிடாதவர்)

இவ்வளவு சிரமம் எதற்கு? ஸ்கிரைபஸ் என்ற பக்க அமைப்பு மென்பொருளில் படச்சட்டத்தை எழுத்துச்சட்டத்துக்கு மேல் அடுக்கில் வைத்து, சட்டத்தைச் சுற்றி எழுத்து ஓடட்டும் என்று தெரிவு செய்தால் முடிந்துவிடும். தமிழும் இப்போது அதில் ஒழுங்காக வருகிறது.

மறுமொழி 3 (அச்சகத்தில் பக்கம் அமைப்பவர், மட்டக்களப்பு)

மேலே உள்ளவர் சொல்வது பிழையில்லை. சட்டங்களை வைத்துப் பக்கம் அமைக்கும் மென்பொருள்கள் இடத்தைப் பார்த்து எழுத்தை ஒதுக்குகின்றன, வரிகளை எண்ணி ஒதுக்குவதில்லை. ஆனால் 64 பக்கமும் அடிக்குறிப்பும் பொருளடக்கமும் ஏற்கனவே லேடெக்கில் இருக்கும்போது நான்கு படத்துக்காக வீட்டை இடித்துக் கட்டச் சொல்ல மாட்டேன்.

தங்கச்சி, சென்டர் சூழலை முதலில் எடுத்துவிடுங்கள். அது மேலும் கீழும் தானாக வெளி விடும். படத்தின் தலை கீழிறங்கி நிற்பதற்கு அதுவே காரணம். ராப்ஃபிக் பொதி தரும் ராப்ஃபிகர் சூழலுக்குள் சென்டரிங் கட்டளையை மட்டும் எழுதினால் போதும்.

புறாத்தீவுப் படத்துக்கு வருகிறேன். இடம் குறிக்கும் எழுத்தை ஆங்கிலச் சிற்றெழுத்தில் ஆர் என்று கொடுத்திருப்பீர்கள். சிற்றெழுத்துக்குப் பொருள், எழுதிய இடத்திலேயே வை என்பதாகும். கீழே இடம் இருக்கிறதா என்று அது பார்க்காது. பேரெழுத்து ஆர் கொடுத்தால், இடம் போதாதபோது படம் மிதந்து அடுத்த பக்கத்துக்குப் போகும். ஆனால் மிதக்கவிட்ட படம், சாதாரணப் படங்களோடு கலக்கும்போது வரிசை எண் முன்பின்னாகிவிடுவதும் உண்டு. எனவே நான் செய்வது: எழுத்து இறுதியாகும் வரை எல்லாவற்றையும் பேரெழுத்தில் விட்டுவைப்பேன்; பிழைதிருத்தம் முடிந்து இனி ஒரு சொல்லும் மாறாது என்று எழுதியவர் சொன்ன பிறகு, முதற்பக்கத்திலிருந்து ஒவ்வொரு படமாகச் சிற்றெழுத்துக்கு மாற்றி, தேவையான பந்திக்கு முன்னே நகர்த்தி வைப்பேன். கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கினால் முன்னே ஒரு வரி அசைந்தாலும் செய்த வேலை எல்லாம் வீண். இருபக்க அச்சு என்றால் ஆருக்குப் பதிலாக ஓ கொடுங்கள். இடப்பக்கத்தில் இடப்புறமும் வலப்பக்கத்தில் வலப்புறமுமாகப் படம் வெளி ஓரத்தில் நிற்கும்.

கன்னியா பட்டியலில் ராப்ஃபிகரை மறந்துவிடுங்கள். பட்டியல் சூழலுக்குள்ளும், அதை ஒட்டி முன்னே பின்னேயும் அந்தச் சூழல் வேலை செய்யாது. பட்டியலும் தன் ஓரங்களுக்கு அதே பார்ஷேப்பைத்தான் பிடித்துக்கொள்கிறது. ஒரே கயிற்றை இருவர் இழுப்பது போன்றது. ஏழு கிணறுகள்தானே, அரைப் பக்கத்துக்குள் அடங்கும். மினிபேஜ் என்பது பக்கத்துக்குள் ஒரு குட்டிப் பக்கம்; மேல்மட்டத்தைக் குறிக்கும் டி தெரிவோடு இரண்டு மினிபேஜ்களை அருகருகே வைத்து, ஒன்றில் பட்டியலையும் மற்றதில் படத்தையும் போடுங்கள். இரண்டின் தொடக்கத்திலும் விஸ்பேஸ் 0 புள்ளி என்று எழுதாவிட்டால் படத்தின் அடியும் பட்டியலின் முதல் வரியும் ஒரே மட்டத்தில் நின்று வேடிக்கை காட்டும். மினிபேஜுக்குள் வழக்கமான கேப்ஷன் கட்டளை பிழை காட்டும். கேப்ஷன் பொதியைச் சேர்த்து கேப்ஷன்ஆஃப் கட்டளையைப் பயன்படுத்துங்கள்.

மறுமொழி 1 (உப்புவெளி)

அச்சகத் தம்பி சொன்னவற்றில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வெள்ளைச் சதுரத்தின் கணக்கை மட்டும் எழுதிக் காட்டுகிறேன். கணக்கு வாத்தியாருக்கு அது முடியாமல் உறக்கம் வராது.

80 மில்லிமீட்டர் என்பது 228 புள்ளி. விளக்கம் இரண்டு வரி, 27 புள்ளி. அதற்கு மேல் 10 புள்ளி வெளி. கீழே இன்டெக்ஸ்ட்செப் என்ற வெளி 12 புள்ளி. கூட்டினால் 277. அதை 13.6ஆல் வகுத்தால் 20க்குச் சற்று மேல், ஆகவே 21 வரி. இப்போது வரிக்கு ஒரு புள்ளி தள்ளினால் 21 புள்ளி. அந்த 21 வரிக்குள் பந்தி மூன்று முறை மாறினால் 18 புள்ளி. மொத்தம் 39 புள்ளி, ஏறத்தாழ மூன்று வரி. நீங்கள் எண்ணிச் சொன்ன மூன்று வரிகள் இவைதாம்.

பார்ஸ்கிப்பைச் சுழியமாக்கிப் பந்தியின் முதல் வரியை உள்தள்ளுங்கள். வரியிடைத் தூரத்தைப் பெருக்கும் லைன்ஸ்பிரெட் கட்டளைக்கு 1.18 கொடுங்கள், அந்தத் தூரம் 16 புள்ளி ஆகும், எந்த வாலும் எந்தச் சுழியையும் தொடாது. அதன் பிறகு படத்துக்கு 18 வரி என்று பொதியே சரியாகக் கணிக்கும். அப்போதும் ஒன்றிரண்டு வரி பிசகினால் ராப்ஃபிகரின் தொடக்கத்தில் சதுர அடைப்புக்குள் வரி எண்ணிக்கையை நீங்களே கொடுக்கலாம். ஆனால் அதை முதல் மருந்தாக எடுக்க வேண்டாம். எழுத்தளவை மாற்றிய அன்றே அத்தனை எண்களும் பொய்யாகிவிடும்.

கேட்டவர் (மறுநாள்)

ஐயாவுக்கும் அண்ணாவுக்கும் மிக்க நன்றி. இராவணன் வெட்டின் கீழே இருந்த வெள்ளைச் சதுரம் மறைந்துவிட்டது. எண்ணிப் பார்த்தேன், சரியாக 18 வரி. புறாத்தீவு அடுத்த பக்கத்தின் தலைக்குப் போனது. கன்னியாவும் இரண்டு மினிபேஜ்களில் அடங்கியது. 64 பக்கம் 70 ஆகிவிட்டது என்பது வேறு கதை.

கோட்டை வாயில் மட்டும் அப்படியே இருக்கிறது. படத்தின் அகலம் 65 மில்லிமீட்டர். அருகே ஓடும் ஒரு வரியில் "நுழைவாயிலில் இன்றும்" என்ற இரண்டே சொற்கள் இரு ஓரங்களிலும் ஒட்டி நிற்க, நடுவே வெறுமை. அடுத்த வரியில் "பாதுகாக்கப்பட்டிருப்பதனால்" என்ற ஒரு சொல் மட்டும், அதுவும் படத்துக்குள் முட்டிக்கொண்டு.

மறுமொழி 3 (மட்டக்களப்பு)

114இல் 65 போனால் 49. படத்துக்கும் எழுத்துக்கும் இடையே உள்ள காலம்செப் 10 புள்ளியையும் கழித்தால் எஞ்சுவது 45 மில்லிமீட்டர் சொச்சம். 11 புள்ளித் தமிழில் அதற்குள் பதின்மூன்று பதினான்கு எழுத்துகள் அமரும். நீங்கள் காட்டிய சொல்லோ பதினைந்து எழுத்து. அது எப்படி அடங்கும்? ஆங்கில நூல்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு 45 மில்லிமீட்டர் போதும் என்று தோன்றும். அவர்களுடைய சொற்கள் குட்டை. வேற்றுமையும் காலமும் இடமும் எல்லாம் ஒரே சொல்லில் ஒட்டிக்கொள்ளும் நம் மொழிக்கு அது போதாது.

சொல்லை உடைக்க அனுமதிக்கிறீர்களா? மொழிகளைக் கையாளும் பாலிகுளோசியா பொதியில் முதன்மை மொழி தமிழ் என்று அறிவித்திருந்தால், தமிழுக்கான சொற்பிரிப்பு ஒழுங்குகள் தானாக வந்துவிடும். புள்ளி வைத்த எழுத்தில் வரி தொடங்கக்கூடாது என்பது அவற்றில் ஏற்கனவே உண்டு. "பாதுகாக்" என்று ஒரு வரி முடிந்து "கப்பட்டிருப்பதனால்" என்று அடுத்த வரி தொடங்குமே தவிர, "க்கப்பட்டி" என்று ஒருபோதும் தொடங்காது. பழைய ஈய எழுத்துக் காலத்தில் எங்கள் மூத்த கோப்பாளர்கள் கையால் பார்த்த ஒழுங்கும் இதுதான்.

கேட்டவர்

அறிவித்தேன் அண்ணா, உடைகிறது. ஆனால் உடையும் இடமெல்லாம் வரியின் முடிவில் சிறு கோடு வருகிறது. தமிழ் நூல்களில் அப்படிப் பார்த்த நினைவில்லை.

மறுமொழி 1 (உப்புவெளி)

தமிழ் அச்சில் அந்தக் கோடு போடும் வழக்கம் இல்லை, விட்டுவிடுங்கள். எழுத்துருவை அழைக்கும் இடத்தில் ஹைஃபன்கேர் என்ற தெரிவுக்கு, கண்ணுக்குத் தெரியாத சுழிய அகலக் குறி ஒன்றை, அதாவது யூனிக்கோடில் 200சி என்ற எண்ணில் உள்ளதை, கொடுங்கள். அந்தக் குறி எழுத்துருவில் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. அதே தெரிவுக்கு நன், அதாவது ஒன்றுமில்லை, என்று கொடுத்துவிடாதீர்கள். கோட்டோடு சேர்த்துச் சொற்பிரிப்பே நின்றுவிடும். சொல்லிடை வெளியைத் தேவைப்படும்போது கூடுதலாக நீள விடும் எமர்ஜென்சிஸ்ட்ரெச்சுக்கு 2 எம் அளவு கொடுத்தால் படத்துக்குள் முட்டும் வரிகளும் குறையும்.

மறுமொழி 3 (மட்டக்களப்பு)

இவை எல்லாம் செய்த பிறகும் அந்தப் பக்கத்தைத் தாளில் எடுத்து ஒரு கை தூரத்தில் பிடித்துப் பாருங்கள், தங்கச்சி. எனக்கு ஒரு கணக்கு உண்டு: ஓடும் எழுத்துக்கு வரிக்குப் பதினாறு எழுத்தாவது கிடைக்காவிட்டால் படத்தைச் சுற்றவிட மாட்டேன். கயற் சின்னம் அகலமான கல். உயரத்தைவிட அகலம் கூடிய படம் ஓரத்தில் நிற்க விரும்பாது. இராவணன் வெட்டு நெட்டையான படம் என்பதால் அதற்கு அழகாக நின்றது.

கேட்டவர் (இரவு)

கோடுகள் போய்விட்டன. தாளில் எடுத்தும் பார்த்தேன். படத்தை 50 மில்லிமீட்டராகக் குறுக்கியபோது எழுத்து நன்றாக ஓடியது. ஆனால் கல்லில் இரண்டாவது மீனின் வால் எங்கே முடிகிறது என்பதே தெரியவில்லை. 1622இல் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் கற்களில் ஒன்று என்று சொல்லிவிட்டு, அதைத் தெரியாத அளவில் காட்டுவதில் பொருளில்லை. ஆகவே அந்த ஒரு படத்தை மட்டும் எழுத்து சுற்றி ஓடாத சாதாரண ஃபிகர் சூழலில், முழு அகலத்துக்குப் பக்கத்தின் தலையில் வைத்துவிட்டேன். இப்போது பக்கம் 23இல் "பாதுகாக்கப்பட்டிருப்பதனால்" உடையாமல் ஒரே வரியில் நிற்கிறது.