பைக்கில் காட்டுப்பன்றி மோதி நண்பன் இறந்துவிட்டான், குடும்பத்துக்கு என்ன கிடைக்கும்?

மலையடிவாரம்:
போன வாரம் இரவு சத்தி (சத்தியமங்கலம்) பக்கம் காட்டுப்பன்றி குறுக்கே பாய்ந்து என் உயிர் நண்பன் அந்த இடத்திலேயே போய்விட்டான். சொந்த வண்டி, லைசென்ஸ் உண்டு. "எதிர் வண்டியே இல்லை, எதுக்கு கேஸு?" என்கிறார்கள் ஸ்டேஷனில். அவன் மனைவி பேசும் நிலையில் இல்லை. எதை முதலில் பார்ப்பது?

கோர்ட் வாசல்:
கேஸ் இல்லை என்பது தவறு. குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 194-வது பிரிவு (பழைய சி.ஆர்.பி.சி. 174) விலங்கால் நேர்ந்த சாவையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. எஃப்.ஐ.ஆர்., பிரேத விசாரணை அறிக்கை, போஸ்ட்மார்ட்டம் மூன்றும் வாங்குங்கள். "தானே நிலைதடுமாறி விழுந்தார்" என்று எழுதிவிட்டால் பன்றி காணாமல் போய்விடும். ஹெட்லைட் உடைசலிலும் முன்சக்கர ஃபோர்க்கிலும் ஒட்டியிருக்கும் பன்றி முடியைக் கழுவுவதற்கு முன் போட்டோ எடுங்கள். இன்சூரன்ஸ் சர்வேயர் பார்க்கும்வரை வண்டி மெக்கானிக் கைக்குப் போகக்கூடாது.

பாலிசி அண்ணன்:
தம்பி, வண்டி இன்சூரன்ஸ் பாலிசியில் 'ஓனர் டிரைவர் பி.ஏ.' என்ற வரியைத் தேடுங்கள், அதாவது வண்டி ஓட்டும் உரிமையாளருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு. 15 லட்சம். யார் தப்பு என்ற பேச்சே அதில் வராது. ஆர்.சி. அவர் பேரில், லைசென்ஸ் நடப்பில் இருக்க வேண்டும். இரவல் வண்டி என்றால் வராது. பலர் ஏமாறும் இடம் ஒன்று: புது பைக்குக்கு தேர்ட் பார்ட்டி (அடுத்தவருக்கு ஏற்படும் நஷ்டத்துக்கான காப்பீடு) 5 வருஷம் ஓடும், பி.ஏ. முதல் வருஷத்தோடேயே முடிந்திருக்கும். அந்தத் தேதியைத் தனியாகப் பாருங்கள். குடித்திருந்தாரா என்ற சந்தேகத்தில் உள்ளுறுப்பு ரசாயனப் பரிசோதனை ரிப்போர்ட்டுக்காகக் கம்பெனி மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும். அதற்காகக் காத்திராமல் கிளைம் நம்பரை இன்றே வாங்குங்கள்.

பின்னால் யாராவது உட்கார்ந்திருந்தால் அது வேறு கணக்கு, தனியாகக் கேளுங்கள்.

பேங்க் கவுன்ட்டர்:
பாஸ்புக்கில் வருஷம் 20 ரூபாய் பிடித்திருந்தால் பிரதமர் சுரக்ஷா பீமா என்ற விபத்துக் காப்பீடு, 2 லட்சம். 30 நாளுக்குள் கிளையில் எழுத்தில் கொடுக்க வேண்டும், உங்களுக்கு இப்போது இதுதான் அவசரம். 436 ரூபாய் பிடித்தமும் இருந்தால் ஜீவன் ஜோதி என்ற ஆயுள் காப்பீடு, அது இன்னொரு 2 லட்சம். இரண்டையும் சேர்த்தே வாங்கலாம்.

கோர்ட் வாசல்:
வனச்சரக அலுவலகத்திலும் ஒரு மனு கொடுத்துவிடுங்கள். வனவிலங்கு தாக்கி இறந்தால் 10 லட்சம் நிவாரணம் உண்டு. ரோட்டில் மோதியதைத் தாக்குதலாக எடுப்பார்களா என்பதில் தகராறு வரும். ஆனாலும் மனு ரசீது கையில் இருக்கட்டும்.

மலையடிவாரம்:
ரொம்ப நன்றி அண்ணா. 20 ரூபாய் பிடித்தம் இருக்கிறது. ஆனால் நாமினி அவன் அம்மா, அவர் தவறி இரண்டு வருஷமாகிறது.

பேங்க் கவுன்ட்டர்:
அப்படியென்றால் அம்மாவின் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வேண்டும். வாரிசுக்கு இ-சேவையில் இன்றே போடுங்கள். ஆனால் அது வரும்வரை நிற்காதீர்கள், கிளைம் ஃபாரத்தை முதலில் கொடுத்து, தேதி போட்ட முத்திரையோடு நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.