பதில்: 'ரெட்ரோஸ்பெக்டிவ் வோட்டிங்' – 'பின்னோக்கு வாக்களிப்பு' சரிதானா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம். ஆட்சி இதுவரை செய்ததைப் பார்த்து வாக்களிப்பதே 'ரெட்ரோஸ்பெக்டிவ் வோட்டிங்'. இனிச் செய்யப்போவதை எதிர்பார்த்து வாக்களிப்பது அதன் எதிர். இந்த இரண்டுக்கும் தமிழ்ச் சொற்களாகக் குழுவில் முன்மொழியப்பட்டவை:

> 'பின்னோக்கு வாக்களிப்பு', 'முன்னோக்கு வாக்களிப்பு' என்றே வைத்துக்கொள்ளலாம்.

இந்த இணையை ஏற்க எனக்குத் தயக்கம் இருக்கிறது. 'பின்னோக்கிப் பார்த்தால்' என்னும்போது பொருள் தெளிவு. ஆனால் தமிழில் 'முன்னொரு காலத்தில்' என்பது கடந்தது. 'பின்னாளில்' என்பது வரப்போவது. தனிச்சொல்லாக நிற்கும்போது 'பின்னோக்கு' எந்தப் பக்கம் பார்க்கிறது என்று மாணவர் குழம்புவார்.

என் பரிந்துரை 'பட்டறிவு வாக்களிப்பு'. எதிர்ச்சொல்லுக்கு 'எதிர்பார்ப்பு வாக்களிப்பு'.

'பட்டறிவு' வாக்காளரை மிகையாகப் புகழ்கிறது என்று சென்ற மடலில் ஒரு நண்பர் மறுத்திருந்தார். வாக்காளர்கள் முட்டாள்கள் அல்லர் என்று அமெரிக்க அரசியல் அறிஞர் வி. ஓ. கீ வாதிட்ட நூல் 1966இல் வந்தது. ஆட்சியின் விளைவைப் பார்த்து மக்கள் வாக்களிப்பதை 1981இல் இன்னொரு அமெரிக்க அறிஞரான ஃபியோரினா விரிவாக ஆராய்ந்தார். அந்த நம்பிக்கையைப் பிந்தைய ஆய்வுகள் அசைத்துவிட்டன என்பது நண்பரின் வாதம். ஆய்வுகளைப் பற்றி அவர் சொல்வது உண்மை. அதனாலேயே இந்தச் சொல் பொருந்துகிறது என்கிறேன்.

ஹீலியும் மல்ஹோத்ராவும் 2009இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வைப் பாருங்கள். பேரிடருக்குப் பின் தந்த நிவாரணத்துக்கு வாக்கு கிடைக்கிறது. முன்கூட்டியே செய்த தடுப்புப் பணிக்குக் கிடைப்பதில்லை. தடுப்புக்குச் செலவிட்ட ஒரு டாலர் பிற்காலத்தில் சுமார் 15 டாலர் இழப்பைத் தவிர்க்கிறது என்பது அவர்கள் கணக்கு. அப்படியும் இந்த நிலை. இந்திய மாநிலத் தேர்தல்களை ஆராய்ந்தவர்களும், மழை பொய்த்தாலும் மிஞ்சினாலும் ஆளுங்கட்சி வாக்கு இழக்கிறது, நிவாரணம் அந்த இழப்பில் ஒரு பகுதியைத்தான் மீட்கிறது என்று கண்டார்கள்.

கடலூரில் இருப்பவனுக்கு இது ஏட்டுச் செய்தி அல்ல. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்களுக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. யார் வந்து பார்த்தார்கள், நிவாரணம் எப்போது கைக்கு வந்தது என்பதெல்லாம் இன்றும் எங்கள் தெருவில் பேச்சு. நேரத்தில் தூர்வாரிய வாய்க்காலால் வீட்டுக்குள் வராமல் போன வெள்ளத்தைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. வராத வெள்ளம் யார் மேலும் படவில்லையே! 'பட்டால்தான் தெரியும்' என்கிறோம். படாதது தெரியாது என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. வாக்காளரின் கூர்மை, குருட்டுத்தன்மை இரண்டையும் தாங்கும் வேறு சொல் எனக்குத் தோன்றவில்லை.

ஒரு சிக்கலை நானே சொல்லிவிடுகிறேன். 'பட்டறிவு வாக்காளர்' என்றால் பல தேர்தல் கண்ட முதியவர் என்று பொருள்படும். ஆகவே ஆளைக் குறிக்க 'பட்டறிந்து வாக்களிப்பவர்' என்றே எழுதலாம். நீளம்தான். இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்,
கடலூர் முதுநகரிலிருந்து