பொருள்: சிஸ்டம் டேபிளுக்கு ஒரு தமிழ்ச் சொல், வெள்ளிக்கிழமைக்குள்

செ. எழுதியது:
நண்பர்களே, பாலிடெக்னிக் மாணவர்களுக்கான கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. ஜேடிபிசி இயக்கி (ஜாவா நிரலைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் மென்பொருள்) வழியாகப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இணைந்து, உள்ளே என்னென்ன அட்டவணைகள் இருக்கின்றன என்று அதனிடமே கேட்பது பாடம். தரவுத்தளம் தன்னைப் பற்றிய விவரங்களை வைத்திருக்கும் சிஸ்டம் டேபிளுக்கு 'அமைப்பு அட்டவணை' என்று எழுதினேன். அடுத்த பக்கத்திலேயே 'அட்டவணையின் அமைப்பு' வருகிறது. மாணவர்கள் இரண்டையும் ஒன்றென்றே படிக்கிறார்கள். வேறு சொல் தாருங்கள்.

ம. எழுதியது:
ஓலைப் பதிவைக் குறிக்கும் 'பட்டோலை' இருக்கிறதே! சோழர் கல்வெட்டுகளில் புரவுவரித் திணைக்களத்தில் (நிலவரித் துறையில்) வரிப்பொத்தகம், முகவெட்டி, பட்டோலை என்று அலுவலர் வரிசையே வருகிறது. 'அகப்பட்டோலை' என்போம்.

இரா. எழுதியது:
பொத்தகம் வடமொழிப் புஸ்தகம்தானே ஐயா?

ம. எழுதியது:
இல்லை என்பதே என் கருத்து. பொத்து என்றால் துளை. ஏட்டைத் துளையிட்டுக் கோப்பதால் பொத்தகம். வடமொழிதான் நம்மிடம் கடன் பட்டது என்பேன்; மொழியியலார் பலர் இதை ஏற்பதில்லை என்பதும் தெரியும். விரிவாக நாளை எழுதுகிறேன்.

கி. எழுதியது:
திணைக்களம் கல்வெட்டோடு போய்விடவில்லை. இலங்கையில் அரசுத் துறைகளை இன்றும் அப்படித்தான் எழுதுகிறோம். ஆனால் அகப்பட்டோலை என்றால் என் மாணவர்கள் பனையோலைப் பெட்டி என்பார்கள். சிஸ்டத்துக்கு எங்கள் வழக்கு முறைமை. 'முறைமை அட்டவணை' போதாதா?

வே. எழுதியது:
எதுவானாலும் 'அட்டவணை'யை விடாதீர்கள். உறவுசார் தரவுத்தள முறையை வகுத்த எட்கர் காட் 1985இல் வெளியிட்ட விதிகளில் நான்காவது இதைத்தான் சொல்கிறது: தரவுத்தளம் தன்னைப் பற்றிய விவரத்தையும் மற்றத் தரவைப் போலவே வைத்திருக்க வேண்டும், அதே வினவுமொழியில் அதைக் கேட்க முடிய வேண்டும். ஆகவே 'தன்விவர அட்டவணை'.

இரா. எழுதியது:
தரவுத்தளத்தின் தன்விவரத்தைத் தரும் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில் இருப்பவை பெரும்பாலும் அட்டவணைகளே அல்ல, வியூக்கள், அதாவது அட்டவணைபோலத் தெரியும் சேமித்த வினவல்கள். போஸ்ட்கிரெஸின் சிஸ்டம் டேபிளான பிஜி_கிளாஸில் அட்டவணைகளோடு இண்டெக்ஸும் (தேடலை விரைவாக்குவது) சீக்வென்ஸும் (வரிசை எண் தருவது) கலந்து கிடக்கின்றன. போதாக்குறைக்கு, அட்டவணைப் பட்டியல் தரும் ஜேடிபிசியின் கெட்டேபிள்ஸை அழைத்தால் இயக்கியே, சிஸ்டம் டேபிள்கள் இருக்கும் பிஜி_கேட்டலாகை வினவி விடை தந்துவிடும். மாணவன் அந்த வினவலைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. வேலைக்குப் போனால் அவன் படிக்கப்போவது ஆங்கிலப் பிழைச்செய்தி. 'சிஸ்டம் டேபிள்' என்றே விடுங்கள்.

ம. எழுதியது:
அப்படியானால் இந்தக் குழுவைக் கலைத்துவிடலாம்.

செ. எழுதியது:
கலைக்க வேண்டாம். தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்தால் 'தன்விவர அட்டவணை'க்கே ஆதரவு அதிகம். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் 'சிஸ்டம் டேபிள்' பக்கத்தில் இருக்கும். பொத்தகத்துக்குத் தனி இழை தொடங்குங்கள், ஐயா.

இரா. எழுதியது:
என் மறுப்பு மறுப்பாகவே இருக்கட்டும். கையேட்டில் வியூவுக்கு என்ன போட்டிருக்கிறீர்கள், காட்சியா, தோற்றமா?