ட்ரெஸ்ஸாஜ்: ‘நடைப்பழக்கு’ என்று சொல்லலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

ட்ரெஸ்ஸாஜ் என்ற குதிரையேற்றப் போட்டிக்குத் தமிழில் சொல் கேட்டுத் தொடங்கிய இழையில் இதுவரை ஐந்து சொற்கள் வந்திருக்கின்றன: குதிரை அலங்காரம், பரிநடனம், புரவிக்கலை, நடைப்பயிற்சி, வையாளி. நான் கொழும்பில் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். மகள் மூன்று வருடமாகக் குதிரையேற்றம் பழகுகிறாள். வேலியோரம் நின்று பார்த்ததை வைத்து எழுதுகிறேன்.

‘அலங்காரம்’ வேண்டாம். ட்ரெஸ்ஸாஜ் என்ற சொல்லுக்கும் உடைக்கும் தொடர்பில்லை. பழக்குவது, பயிற்றுவது என்று பொருள்படும் பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது அது. 20 மீட்டர் அகலமும் 60 மீட்டர் நீளமும் உள்ள மணல் திடலில், கரையில் நிறுத்திய எழுத்துப் பலகைகளை அடையாளமாக வைத்து, குதிரை வட்டம் போடும், வேகம் மாற்றும், பக்கவாட்டில் நடக்கும், அசையாமல் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை புள்ளி. ஏறியிருப்பவர் வாய் திறந்து குதிரைக்குக் கட்டளை சொல்லக்கூடாது. சொன்னால் புள்ளி போகும்.

‘பரிநடனம்’ அழகான சொல்தான். இசைக்கு ஆடிக்காட்டும் பிரிவும் இதில் உண்டு. ஆனால் நடனம் என்றவுடன் நமக்குப் பொய்க்கால் குதிரைதான் கண்ணுக்குள் வரும். தொடக்க நிலையில் ஒரு குதிரை செய்வதெல்லாம் ஒழுங்காக நடந்து, திரும்பி, நிற்பது மட்டும்தான். அதை நடனம் என்று எப்படிச் சொல்வது? ‘புரவிக்கலை’ குதிரையோடு செய்யும் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளும். தடை தாண்டுவதும் அதற்குள் வந்துவிடும். ‘நடைப்பயிற்சி’யில் வேறு சிக்கல். விடிய ஐந்தரைக்குச் சுதந்திர சதுக்கத்துக்குப் போய்ப் பாருங்கள், கொழும்பே அங்கே நடைப்பயிற்சி செய்துகொண்டிருக்கும். அந்தச் சொல் மனிதருக்கு, அதுவும் சர்க்கரை வியாதிக்காரருக்கு, என்று ஆகிவிட்டது. இனித் திருப்பி வாங்க முடியாது.

என்னுடைய பரிந்துரை ‘நடைப்பழக்கு’. ஏன் ‘பயிற்சி’ இல்லாமல் ‘பழக்கு’ என்று விளக்க வேண்டும்.

எங்கள் ஊரில் நாம்பனை, அதாவது இளங்காளையை, வண்டிலுக்குப் ‘பழக்குவது’ என்றுதான் சொல்வார்கள். பயிற்றுவது என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அப்பு ஒரு இளம் நாம்பனை முதலில் வண்டிலில் பூட்டவே மாட்டார். கிழட்டு மாடு ஒன்றோடு நுகத்தில் சோடி சேர்த்து, வெறும் நுகத்தோடு வளவைச் சுற்றிச் சுற்றி நடக்க விடுவார். நாம்பன் நின்றால் அவரும் நிற்பார். பிறகுதான் வெறும் வண்டில், அதற்கும் பிறகு பாரம். அவரிடம் கேட்டால், ‘அது என்னோட பழக வேணும், நான் அதோட பழக வேணும், பிறகு பழக்கலாம்’ என்பார். பழகு, பழக்கு. தன்வினையும் பிறவினையும் இவ்வளவு ஒட்டி நிற்கும் சொல் ‘பயிற்சி’யில் கிடைக்காது. பழகாமல் பழக்க முடியாது என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இதை எனக்கு உறைக்கவைத்தது ஒரு குதிரை. பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த செம்பழுப்பு நிற ஆண்குதிரை. லாயத்தில் அதை ராசா என்று கூப்பிடுவார்கள். கயிற்றில் கட்டி வட்டமாக ஓடவிட்டால் பார்க்கிறவர் பேச்சை நிறுத்திவிடுவார்கள். இரண்டு தட்டுத் தாளத்தில் ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் நடுவே ஒரு கணம் நிலத்தில் படாமல் மிதக்கும். அப்படி ஒரு நடை. ஆனால் ஆள் ஏறினால் வேறு கதை. இடப்பக்கம் திரும்பச் சொன்னால் காதைப் பின்னால் மடித்துக்கொண்டு, பல்லை நறநறவென்று கடித்து, வாலைச் சுழற்றி அடித்து, அந்த மூலையிலேயே நின்றுவிடும். உதைத்தால் பின்னுக்குப் போகும். இன்னும் உதைத்தால் முன்னங்காலைத் தூக்கும். முன்பு அதை ஓட்டிய ஒருவர் வாய் நுரைக்க நுரைக்கக் கடிவாளத்தை இழுத்துப் பிடித்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. நல்ல சாதிக்குதிரை, ஆனால் சண்டி என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

லாயத்தில் குதிரை பார்க்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். நுவரெலியாவில் பந்தயக் குதிரைகளோடு வளர்ந்தவர். அவர்தான் ஒரு நாள் ராசாவின் கன்னத்தை வெளிப்பக்கமாக விரலால் மெதுவாக அழுத்திக் காட்டினார். இடப்பக்கம் அழுத்தியதும் ராசா தலையை வெடுக்கென்று இழுத்தது. ‘வாய்க்குள்ள ஏதோ இருக்கு பாப்பா, டாக்டர கூப்புடச் சொல்லுங்க’ என்றார் மகளிடம். மிருக வைத்தியர் வந்து வாயைத் திறந்து பார்த்தார். குதிரைக்குப் பல் தேயத் தேய வளர்ந்துகொண்டே வரும். கீழ்த்தாடை மேல்தாடையைவிட ஒடுக்கமானது என்பதால், மேல் கடைவாய்ப்பல்லின் வெளிவிளிம்பு தேயாமல் கூராகிவிடும். ராசாவின் இடக்கன்னத்துக்குள் அந்த விளிம்பு கிழித்த புண். கடிவாள வார் இழுபடும்போதெல்லாம் அந்த இடம் அழுந்தியிருக்கிறது. அராவி மழுக்கினார்கள், புண் ஆறும்வரை யாரும் ஏறவில்லை.

இந்த இடத்தில்தான் இரண்டாவது சொல் பற்றிப் பேச வேண்டும். கோவையிலிருந்து ஒரு நண்பர் இப்படி எழுதியிருந்தார்:

> ஒத்துழைக்காத குதிரைக்குச் ‘சண்டிக்குதிரை’ என்ற பழகிய சொல்லே போதுமே. புதிதாக எதற்கு?

சண்டிக்குதிரை நல்ல தமிழ்தான் ஐயா, மறுக்கவில்லை. ஆனால் அது குதிரைக்கு ஒட்டும் பெயர். பயிற்சியாளருக்கு வேண்டியது குதிரை செய்கிற செயலுக்கு ஒரு சொல். ‘முரண்டு’ என்று வைத்துக்கொள்வோம். முரண்டு பிடிக்கிறது என்று பிள்ளைகளைச் சொல்கிறோம், மாட்டைச் சொல்கிறோம். சண்டி என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. முரண்டு என்றால் எங்கே முரண்டுகிறது, எந்தப் பக்கம் திரும்பும்போது, எதற்குப் பிறகு என்று கேட்கத் தோன்றும். வாயா, முதுகா, சேணம் பொருந்தவில்லையா, குளம்பா, வயிற்றுப்புண்ணா, அல்லது கேட்டது விளங்கவில்லையா? ராசாவுக்கு யாராவது முன்பே அந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருந்தால் அந்தப் புண் அத்தனை காலம் இருந்திருக்காது என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

நோவு போனதும் முரண்டு போய்விடவில்லை. நோகும் என்ற நினைப்பு மிஞ்சியிருந்தது. முதல் இரண்டு வாரம் மகள் கடிவாள வாரை நீளமாக விட்டு வெறும் நடை மட்டும் நடத்தினாள். பிறகு 20 மீட்டர் வட்டம், வலப்பக்கம் மட்டும். பிறகுதான் இடப்பக்கம். அந்த மூலையில் ராசா ஒரே ஒரு அடி கேட்டபடி எடுத்து வைத்தால் போதும், உடனே வாரைத் தளர்த்தி, கழுத்தைத் தடவி, அன்றைக்கு இறங்கிவிடுவாள். சில நாள் பதினைந்து நிமிடம்கூட ஆகாது. அரைமணி நேரம் பேருந்தில் போய் பதினைந்து நிமிடமா என்று எனக்கு முதலில் கோபம் வந்தது உண்மை.

அப்புறம் அந்தக் கை விஷயம். ஆங்கிலத்தில் ஹாஃப் ஹால்ட் என்பார்கள். குதிரையைச் சுதாரிக்கவைக்க ஒரு கணம் கைவிரலையும் உடலையும் இறுக்கி, உடனே தளர்த்துவது. சென்னையிலிருந்து எழுதிய தங்கை இதற்கு ‘அரைநிறுத்தம்’ என்று தந்திருக்கிறார். சொல்லுக்குச் சொல் சரி, பொருளுக்குச் சரியில்லை. அரைநிறுத்தம் என்று கேட்டால் புதிதாக ஏறுகிற பிள்ளை பாதி நிறுத்தப் பார்க்கும், அதாவது இழுக்கும். இழுத்துக்கொண்டே இருக்கும். நம் பெரியவர் திடலோரம் நின்று கூவுவது இதுதான்: ‘புடிச்சுக்கிட்டே இருந்தா வாய் மரத்துப் போயிரும் பாப்பா. புடி, விடு. விடுறப்பதான் அதுக்கு வெளங்கும்.’ குதிரை கற்பது அழுத்தத்தால் இல்லை, அழுத்தம் நீங்குகிற அந்தக் கணத்தால். எனவே ‘பிடித்துவிடல்’ என்று வைத்தால் வேலையின் பாதி சொல்லிலேயே முடிந்துவிடும். ‘விட்டுப்பிடித்தல்’ என்று முதலில் நினைத்தேன். ஆனால் அது கொஞ்ச நாள் போகட்டும் என்று ஆறப்போடுவது, வரிசையும் தலைகீழ்.

இனி, என்னை இந்த நீளத்துக்கு எழுதவைத்த சொல். போட்டி மதிப்பெண் தாள்கள் சிலவற்றின் கடைசியில் சப்மிஷன் என்று ஒரு வரி இருக்கும். இழையில் அதற்குக் ‘கீழ்ப்படிவு’ என்று போட்டு, எல்லோரும் ஒத்துக்கொண்டும் விட்டார்கள். தயவுசெய்து இதை மறுபடி பாருங்கள். அந்த வரியின் கீழ் நடுவர் பார்ப்பது குதிரையின் கவனம், நம்பிக்கை, இசைவு, அசைவின் இலகு, கடிவாளத்தை ஏற்றுக்கொள்ளும் விதம். இவற்றில் எதுவும் கீழ்ப்படிவு இல்லை. பயத்தில் கீழ்ப்படிகிற குதிரைக்கு முதுகு விறைத்திருக்கும், வாய் இறுகியிருக்கும், நல்ல நடுவர் அதற்குப் புள்ளி குறைப்பார்.

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில்தான் பெண்கள் முதல் தடவையாக இந்தப் போட்டியில் சேர்க்கப்பட்டார்கள். அதில் டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல் வெள்ளிப் பதக்கம் வென்றார். போலியோவால் முழங்காலுக்குக் கீழே அவருக்கு இயக்கமில்லை. குதிரையில் ஏறவும் இறங்கவும் ஆள் துணை வேண்டும். ஜூபிலி என்ற அந்தப் பெண்குதிரை அவர் உடலின் மிகச் சிறிய சாய்வையும் கேட்டு நடந்தது. காலால் உதைக்கவே முடியாத ஒருவருக்கு அது கீழ்ப்படிந்தது என்று எழுத என் கை வரவில்லை. இணங்கியது. ‘இணக்கம்’ என்று எழுதுவோம். இணக்கம் என்றால் இரண்டு பேர் வேண்டும், அதுதான் அந்த மதிப்பெண்ணின் உண்மையான பொருள்.

மட்டக்களப்பு ஐயா சொன்ன ‘வையாளி’யை வீணாக்க வேண்டாம். குதிரை நடத்தும் வெளிக்கு வையாளி வீதி என்ற பழைய வழக்கு இருக்கிறது. போட்டித் திடலுக்கு ‘வையாளித்திடல்’ என்று எடுத்துக்கொள்ளலாம். குதிரைக்கு ஐங்கதி என்று ஐந்து நடையை எண்ணி, மயூரகதி, வானரகதி என்றெல்லாம் பெயர் வைத்த மொழி இது. ‘நடை’ தலைச்சொல்லில் இருப்பதை நான் விடாமல் பிடிப்பதற்கு அதுவும் காரணம். ‘நடைபழக்கு’ என்று ஒற்றில்லாமல் எழுதுவதா, ‘நடைப்பழக்கு’ என்பதா? ஒற்றில்லாவிட்டால் குழந்தைக்கு நடை பழக்குவதுபோல ஏவலாகக் கேட்கிறது, பெயராக நிற்க ஒற்று வேண்டும் என்பது என் காது சொல்வது. இலக்கணம் தெரிந்தவர்கள் திருத்துங்கள்.

ராசா இப்போது இடப்பக்கம் திரும்புகிறது. மழை இடித்தால் இன்னும் அந்த மூலையில் காதை மடக்கும்.

பியாஃபேக்கு மட்டும் எனக்குச் சொல் அகப்படவில்லை. முன்னே நகராமல், நின்ற இடத்திலேயே மூலைவிட்டக் கால்களைச் சோடி சோடியாகத் தூக்கித் தூக்கி வைக்கும் அசைவு அது. ‘நின்றோட்டம்’ வரை வந்து நிற்கிறேன். உங்களுக்கு ஏதாவது தோன்றினால் சனிக்கிழமைக்கு முன் எழுதுங்கள், பெரியவரிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து