மூன்று கோயிலும் சேர்ந்த நிதி: பணம் அனுப்பும் முன் இதை வாசியுங்கள்

குவைத்திலிருந்து, புளியடி வீட்டு மகள் எழுதுவது:

அன்புள்ள மாமா, அண்ணன்மார், மைனிமார் எல்லாருக்கும் வணக்கம்.

நம்ம ஊரின் மூன்று கிறிஸ்தவக் கோயில்களையும் நடத்துகிற ஆர்.சி. (கத்தோலிக்க) பங்குத்தந்தை, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) போதகர், இரட்சணிய சேனை என்ற சபையின் மேஜர் மூன்று பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட கடிதம் உங்களுக்கும் வந்திருக்கும். வெளிநாட்டில் இருக்கும் ஒவ்வொரு குடும்பமும் ஊரில் கஷ்டப்படுகிறவர்களுக்கான பொது நிதிக்கு மாதம் 1,000 ரூபாய் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். "யாருக்கு, எதற்கு?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் லீவில் போய் வந்தது கடிதம் வருவதற்கு முன்னால். பார்த்ததை அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருக்க மனம் வரவில்லை.

அண்டியாபீஸ், அதுதான் முந்திரிக்கொட்டை ஆலை, மூடிக் கிடப்பது தெரியும். ஆப்பிரிக்காவிலிருந்து வரும் கொட்டையை நம்பி நடந்த தொழில், வியட்நாம் போட்டியில் படுத்துவிட்டது. அங்கே கொட்டையின் ஓடு உடைத்தும் தொலி உரித்தும் பிள்ளைகளைப் படிக்க வைத்த பெண்கள் இன்று நூறு நாள் வேலை எப்போது வரும் என்று பார்த்திருக்கிறார்கள். ரப்பரும் கைகொடுக்கவில்லை. 2011இல் கிலோ 200 ரூபாயைத் தாண்டிய சரக்கு 2016 தொடக்கத்தில் 100க்குக் கீழே போனது. அடுத்த வருடமே ஒக்கி புயல் வந்து மரங்களைச் சாய்த்தது. அப்போது பால்வெட்டை விட்டவர்களில் பாதிப் பேர் திரும்ப மரத்தடிக்குப் போகவில்லை.

நான் பயந்தது வாரக் கடனைப் பார்த்துத்தான். நம்ம தெருவில் ஒரு அக்கா மூன்று கம்பெனியில் குழுக்கடன் வாங்கியிருக்கிறாள். ஒன்றை அடைக்க இன்னொன்று. தவணை வசூலிக்க வருகிற பையன் காலையிலேயே வந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறான், பணம் கையில் வராமல் எழும்ப மாட்டான். ஒருத்தி கட்டாவிட்டால் குழுவில் உள்ள மற்றவர்கள் கட்ட வேண்டும். அதனால் பக்கத்து வீட்டுக்காரியே எதிரி ஆகிவிடுகிறாள். சிறு வயதில் ஒரே பாயில் படுத்துத் தூங்கியவர்கள் இன்று முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

கோயில்கள் எதுவும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். ஆர்.சி. கோயிலின் வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். சி.எஸ்.ஐ. பெண்கள் சங்கம் கிறிஸ்துமஸுக்குச் சேலையும் அரிசியும் கொடுக்கிறது. சேனையும் தன்னால் ஆனதைச் செய்கிறது. ஆனால் ஒவ்வொருவரும் தங்கள் பதிவேட்டை மட்டும் பார்க்கிறார்கள். அம்மா ஆர்.சி., அப்பா சி.எஸ்.ஐ. என்று இருக்கிற வீட்டுக்கு இரண்டு பக்கமிருந்தும் அரிசி வருகிறது. கோயில் வரி கட்டாமல் பதிவேட்டில் பெயர் நின்றுபோன வீட்டுக்கும், பெந்தெகொஸ்தேக்குப் போய் அதையும் விட்டுவிட்ட வீட்டுக்கும், அம்மன் கோயில் பக்கத்து வீடுகளுக்கும் யாரும் வருவதில்லை. மிகவும் கஷ்டப்படுகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். வரி கட்ட முடியாததால்தானே பெயர் நின்றது!

அப்புறம் அரிசி. ரேஷனில் அரிசி இலவசமாகவே கிடைக்கிறது. இல்லாதது மருந்துக் காசு. ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் இலவசம், ஆனால் போய்வர ஆட்டோவுக்கு யார் கொடுப்பது? முதியோர் பென்ஷன் 2023இல் 1,200 ரூபாய் ஆனது. மகன் பெயர் கார்டில் இருக்கிறது என்று மனு தள்ளுபடியான கிழவி ஒருவரைப் பார்த்தேன். அந்த மகன் எங்கே இருக்கிறான் என்று அவருக்கே தெரியாது. திரும்ப மனு எழுதி, கூட வந்து வி.ஏ.ஓ. முன்னால் நிற்க ஒரு ஆள்தான் அவருக்கு வேண்டும்.

அதனால் என் கோரிக்கை இது. பணம் கொடுப்போம், ஆனால் மூன்று கோயிலுக்கும் ஒரே பட்டியல் வேண்டும். பதிவேட்டை ஓரமாக வைத்துவிட்டு, வடக்கே கால்வாய்க் கரையிலிருந்து தெற்கே சந்தை வரை வீடு வீடாக நடந்து எடுத்த பட்டியலாக அது இருக்க வேண்டும்.

—

மஸ்கட்டிலிருந்து, மேலவிளை மாமா எழுதுவது:

மக்களே, நீ எழுதியது நியாயம். ஆனால் கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு 2009இல் வாங்கிய பணத்துக்கு இன்றுவரை வரவு செலவு காட்டவில்லை. கேட்ட எனக்குத்தான் கெட்ட பெயர். ஆகையால் மூன்று பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று கணக்குத் தொடங்கட்டும். மாதாமாதம் மூன்று கோயில் நோட்டீஸ் போர்டிலும் வரவு செலவு ஒட்ட வேண்டும். இரண்டு மாதம் ஒட்டாவிட்டால் மூன்றாம் மாதம் நான் அனுப்பமாட்டேன்.

இன்னொன்றை எல்லாரும் கவனமாக வாசியுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் சொந்தச் சம்பாத்தியத்தைப் பேங்க் வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கனடா, ஆஸ்திரேலியா குடியுரிமை வாங்கியவர்கள் அனுப்பினால் ஆகும். 2010 வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத அமைப்பு அதை வாங்கவே கூடாது. பதிவு இருந்தாலும் டெல்லியில் ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் வர வேண்டும். "மறைமாவட்டத்துக்கு அனுப்புவோம், அவர்கள் இங்கே தருவார்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதுவும் நடக்காது. வாங்கிய நன்கொடையை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க 2020 திருத்தத்தில் தடை வந்துவிட்டது. நல்லது செய்யப் போய் மூன்று சாமியார்களையும் கேஸில் மாட்டிவிடாதீர்கள். டொராண்டோ மருமகனும் சிட்னி மகளும் இந்தக் கணக்குக்கு ஒரு பைசா அனுப்ப வேண்டாம்.

—

டொராண்டோவிலிருந்து, கிணற்றடி வீட்டு மகன் எழுதுவது:

மாமா, சட்டம் புரிகிறது. எனக்கு வலிப்பது வேறு. நம்ம ஊர் என்றைக்கு அடுத்தவனிடம் கையேந்தியது? 1806இல் மிஷனரி ரிங்கல்தோபே ஐயர் மயிலாடிக்கு வந்த காலத்திலிருந்து நம் முன்னோர் படித்து, உழைத்து மேலே வந்தவர்கள். நாகர்கோவிலில் மிஷனரியின் மனைவி மால்ட் அம்மா லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தபோது, அடிமையாக இருந்த பெண்கள் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையையே வாங்கினார்கள். என் பாட்டியின் பாட்டி அந்த வழியில் வந்தவர். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு வாழைக்குலைக்கு அப்பா எவ்வளவு கேட்டார் என்று இன்றைக்கும் பேசுவார்கள். அசனம் என்கிற கோயில் விருந்துக்கு ஊரே வந்து ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட ஊர் அது. அங்கே "ஏழைகள் பட்டியல்" என்று ஒன்றை எழுதி மூன்று கோயிலுக்கும் சுற்றவிட்டால் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கல்யாணம் நடக்குமா? தங்கச்சி, புளியடி வீட்டுக் கஷ்டத்தில் எங்கள் அப்பா செய்தது உனக்குத் தெரியும். அப்போது யாராவது பட்டியல் எழுதினார்களா?

—

குவைத்திலிருந்து, புளியடி வீட்டு மகள்:

அண்ணா, பெரியப்பா செய்ததை நாங்கள் மறக்கவில்லை. ராத்திரி வந்து அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார், யாரிடமும் சொல்லவில்லை. அவரைப் போல நாலு பேர் அன்றைக்கு ஊரில் இருந்தார்கள். இன்றைக்கு அப்படிப்பட்ட எல்லாரும் இந்தக் குழுவில் இருக்கிறோம், ஊரில் இல்லை. வீட்டு நிலைமையைக் கூட இருந்து பார்க்க ஆள் இல்லாததால்தான் பட்டியல் தேவைப்படுகிறது.

லேஸ் பற்றி எழுதினீர்கள். நூலும் ஊசியும் கொடுத்து, பின்னியதை விற்றுத் தந்தது யார்? மிஷன்தானே. அதை யாரும் கையேந்துவது என்று சொல்லவில்லை. ஒக்கி நேரத்தில் நாட்கணக்கில் கரண்டு இல்லாதபோது ஆர்.சி. பள்ளியில் பொங்கி, சாய்ந்து கிடந்த ரப்பர் மரத்தைச் சி.எஸ்.ஐ. பையன்கள் வெட்டி விறகாக்கி, சேனை வண்டியில் ஏற்றி அம்மன் கோயில் தெரு வரை கொண்டுபோனார்கள். அந்தச் சோற்றைச் சாப்பிட்ட யாருக்கும் மானம் போகவில்லை. அன்றைக்கு யார் எந்தச் சபை என்றும் கேட்கவில்லை.

பெயர் வெளியே போகும் பயம் சரியான பயம். நேற்று மேஜரிடம் போனில் பேசினேன். நோட்டீஸ் போர்டில் தொகை, எதற்கு என்ற விவரம் மட்டும் ஒட்டலாம், பெயர் வேண்டாம் என்றார். பட்டியல் மூன்று கோயிலிலிருந்தும் ஒவ்வொரு பெண், அம்மன் கோயில் தெருவிலிருந்து ஒரு பெண், இந்த நாலு பேரிடம் மட்டும் இருக்கும். பெண்கள்தான் இருக்க வேண்டும் என்று நான் கேட்டேன். வாரக் கடன் எந்த வீட்டில் கழுத்தை நெரிக்கிறது என்று சபைக் கமிட்டிக்காரர்களுக்குத் தெரியாது, குழாயடிக்கு வருகிறவர்களுக்குத் தெரியும். மாமா கேட்ட மூன்று கையெழுத்துக்கும் போதகர் சம்மதித்துவிட்டார். பங்குத்தந்தை பங்குப் பேரவையில் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

கடனுக்கு நேராகப் பணம் கட்டக் கூடாது என்பது என் கருத்து. கட்டினால் கம்பெனிக்காரன் அடுத்த கடனோடு வந்து நிற்பான். மருந்து, ஆட்டோக் கூலி, பள்ளிக்கூடச் செலவை நிதி ஏற்றுக்கொண்டால் புதுக் கடன் வாங்கும் தேவை குறையும். வேறு யோசனை இருந்தால் எழுதுங்கள்.

பட்டியலில் யார் பெயர் வரும் என்று தனியாக மெயில் போட்டுக் கேட்டவர்களுக்குப் பதில் தரமாட்டேன். அண்ணா, நீங்கள் பணம் அனுப்ப முடியாது என்று வருந்த வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை உங்கள் சித்திக்குப் போன் போடுங்கள். சர்க்கரை மாத்திரை ஒழுங்காக வாங்குகிறாரா என்று நீங்களே கேளுங்கள்.